வருஷக் கடைசியில் கொஞ்சம் சும்மா இருக்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் கடைசி வாரத்தில் உங்கள் வார இணைப்பில் வந்த, பண்டிகைக் காலத் தனிமையை விரட்டுவது பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். நல்ல எண்ணத்தில் எழுதியிருக்கிறார்கள், சரி. ஆனால் அந்தக் கட்டுரைப்படி பார்த்தால் உலகத்தில் இரண்டே வகை ஆட்கள்தான். கிறிஸ்துமஸ் தொடங்கிப் புத்தாண்டு வரை கூட்டமாகக் கொண்டாடுகிறவர்கள் ஒரு பக்கம், கொண்டாட யாருமில்லாமல் ஏங்கிக் கிடப்பவர்கள் இன்னொரு பக்கம். நான் இரண்டிலும் இல்லை. என்னைப் போல் நிறையப் பேர் இருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். கூட்டம் சேராத ஆட்கள் என்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

இந்த விடுமுறையில் நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் அலாரம் வைக்கவில்லை. ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்த அலமாரிக் கதவை இறுக்கினேன். பாதியில் விட்ட ஒரு தடிமனான புத்தகத்தை எடுத்து, முன்பு எங்கே நிறுத்தினேன் என்று தெரியாமல் முதலிலிருந்தே படித்தேன், இந்த முறையும் முடியவில்லை, ஆனால் அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மதியம் தூங்கினேன். சாயங்காலம் நடந்தேன். இடையில் கிடந்த வேலை நாட்களில் அலுவலகத்துக்கும் போனேன், நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலைதான் அது. பாதிப் பேர் லீவில் இருக்கிற அலுவலகம் மாதிரி நிம்மதியான இடம் வருஷத்தில் வேறு எப்போதும் கிடைக்காது. யாருக்கு மெயில் அனுப்பினாலும் ஜனவரியில் பதில் தருகிறேன் என்று தானாகவே ஒரு பதில் வந்துவிடும், நமக்கும் அவசரமில்லை, அவர்களுக்கும் அவசரமில்லை.

கஷ்டம் எங்கே என்றால், "லீவுக்கு என்ன பிளான்?" என்கிற கேள்வியில். ஒன்றுமில்லை என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முகமே மாறிவிடுகிறது. என் அக்கா போனில், "தனியா என்னடா பண்ணப் போறே, பேசாம இங்க வந்துடு" என்றாள். அக்கா வீட்டுக்குப் போவது எனக்குப் பிடிக்கும், வேறு மாதங்களில் போகத்தான் செய்கிறேன். இந்த ஒரு வாரம் வேண்டாம் என்றால் அவளுக்கு அது எப்படியோ மனக்குறையாகப் போய்விடுகிறது. "வீட்டுல கொஞ்சம் வேலை இருக்குக்கா" என்றதும் உடனே விட்டுவிட்டாள். வேலை இருக்கிறது என்றால் எல்லோருக்கும் புரிகிறது, ஓய்வாக இருக்கிறேன் என்றால்தான் கவலைப்படுகிறார்கள்.

அப்புறம் இந்த வாழ்த்து விவகாரம். கட்டுரையில், தெரிந்தவர்கள் எல்லோருக்கும் வாழ்த்து அனுப்புங்கள், மனம் லேசாகும் என்று ஓர் ஆலோசனை. இதில் எனக்கு ஒரு சின்ன வேடிக்கை தெரியும். அச்சடித்து விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று சொல்லப்படுவது, 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஜான் ஹார்ஸ்லியைக் கொண்டு வரையச் சொன்னது. வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் எழுத அவருக்கு நேரமில்லை, அதனால்தான் ஒரே அட்டையை மொத்தமாக அடித்துப் பெயரை மட்டும் எழுதி அனுப்பும் யோசனைக்குப் போனார். ஆக, வாழ்த்துச் சுமை தாங்காமல் தப்பிக்க வழி தேடியவர் நமக்கு முன்பே இருந்திருக்கிறார். உலகின் முதல் எஸ்எம்எஸ்ஸும் ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்துதான். 1992 டிசம்பர் 3 அன்று நீல் பேப்வொர்த் என்கிற இளம் பொறியாளர் கணினியிலிருந்து அனுப்பினார். வாங்கியவர் கையில் இருந்த போனில் திருப்பிச் செய்தி அனுப்பும் வசதியே கிடையாது. பதில் போடத் தேவையில்லாத வாழ்த்து! எனக்கு மிகவும் பிடித்த வாழ்த்து அதுதான். இன்றைக்கு ஒரு குழுவில் நாற்பது பேர் ஒரே படத்தை மாற்றி மாற்றி அனுப்ப, அதற்கெல்லாம் கைகூப்பும் பொம்மை போடாவிட்டால் கோபித்துக்கொண்டோம் என்று நினைப்பார்கள். நான் சிலருக்கு மட்டும் எழுதினேன், படம் இல்லாமல், அவர்களுக்கென்று நாலு வரி. அதற்கு வந்த பதில்கள் நன்றாக இருந்தன.

டிசம்பர் 31 ராத்திரி விழித்திருக்கவேண்டும் என்பதும் எனக்குப் பிடிபடாத ஒன்று. புத்தாண்டு உலகத்துக்கு ஒரே நொடியில் வருவதில்லை. பசிபிக்கில் கிரிபாட்டியின் லைன் தீவுகளில் முதலில் பிறந்து, ஆளே இல்லாத பேக்கர் தீவு வரை வந்து சேர 26 மணி நேரம் ஆகிறது. இங்கிலாந்தில் 1752-க்கு முன்பு சட்டப்படி வருஷம் பிறந்ததே மார்ச் 25 அன்றுதான். இப்படி மனிதர்கள் பேசி முடிவு செய்த ஒரு நள்ளிரவுக்காக என் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கு வெளியில் வெடிச்சத்தம் கேட்டு விழித்துக்கொண்டபோது, கொஞ்ச நேரம் ஒரு மாதிரியாக இருந்தது. இப்போது உயிரோடு இல்லாத சிலரின் ஞாபகம் வந்தது. கூட்டத்தில் இருந்திருந்தாலும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன், அங்கே கவனித்திருக்க மாட்டேன். பிறகு தூங்கிவிட்டேன்.

எனக்கு இந்தக் காலத்தில் பிடித்தது வேறு ஒன்று, அதை யாரும் கொண்டாடுவதில்லை. வட பாதி உலகத்தில் டிசம்பர் 21 அல்லது 22-தான் வருஷத்திலேயே பகல் குறைந்த நாள், இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சூரியன் மிகச் சீக்கிரம் மறையும் நாள் அதற்கு முன்பே வந்து போய்விடுகிறது, மிகத் தாமதமாக உதிக்கும் நாள் அதற்கு அப்புறம்தான் வருகிறது. எந்தத் தேதி என்பது இடத்துக்கு இடம் மாறும். அதனால் கிறிஸ்துமஸ் வரும்போதே சாயங்கால வெளிச்சம் நீளத் தொடங்கியிருக்கும், காலைதான் பின்தங்கி நிற்கும். தினமும் ஒரே நேரத்துக்கு நடக்கப் போகிற ஆளுக்கு இது கண்ணுக்கே தெரியும். இன்னொன்றும் உண்டு: ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருகிறது. தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலையில் இருப்பதைவிட 50 லட்சம் கிலோமீட்டர் குறைவு. குளிர் வருவது பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால், தூரத்தால் இல்லை. போர்வைக்குள் சுருண்டு படுத்திருக்கிற நேரத்தில்தான் சூரியன் மிகப் பக்கத்தில் இருக்கிறது என்று நினைத்தால் எனக்கு ஒவ்வொரு வருஷமும் சிரிப்பு வரும்.

இதையெல்லாம் சொல்வதால், தனிமையில் உண்மையாகவே வாடுகிறவர்கள் இல்லை என்று அர்த்தமில்லை. இருக்கிறார்கள், அவர்களுக்கு யாராவது போன் செய்யத்தான் வேண்டும், நேரில் போனால் இன்னும் நல்லது. அக்கா மாதிரி ஆட்கள் இல்லாவிட்டால் என் பாடும் வேறு மாதிரி இருந்திருக்கும், அழைக்க ஆள் இருப்பதால்தான் வேண்டாம் என்று சொல்கிற வசதி எனக்கு இருக்கிறது. என் கோரிக்கை இதுதான்: தனியாக இருக்கிறாரா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், அப்படி இருக்க அவருக்கு விருப்பமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள் உங்கள் கட்டுரையாளர்களை. அடுத்த டிசம்பரில் அந்தப் பக்கத்தில் இடம் இருந்தால், அந்த ராத்திரிகளில் ஆஸ்பத்திரியிலும் ரயிலிலும் தீயணைப்பு நிலையத்திலும் டியூட்டி பார்க்கிறவர்களிடம் போய் அவர்கள் விடுமுறை எப்போது, எப்படிக் கழிகிறது என்று கேட்டு எழுதினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்