இன்ஜினைக் கடைசியில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாட்டுக்கொட்டகையிலும் புளியமரத்தடியிலும் கிடக்கும் பழைய கார்களைத் தேடி இளைஞர்கள் சிலர் எங்கள் காட்பாடிப் பக்கம் வந்துபோகிறார்கள். முப்பது ஆண்டுகள் லேத் பட்டறையில் நின்றவன் என்பதால் என்னிடமும் யோசனை கேட்கிறார்கள். எல்லோருக்கும் முதல் கேள்வி, "இன்ஜின் ஓடுமா?" என்பதுதான். அதைக் கடைசியில் கேட்டால் போதும் என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் குடியாத்தம் அருகே ஒரு தென்னந்தோப்பில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றைப் பார்த்தேன். 1969-இல் பதிவான நான்கு கதவு வண்டி. டிரையம்ப் ஹெரால்டு என்ற இங்கிலாந்துக் காரைத்தான் 1961 முதல் சென்னையில் இந்தப் பெயரில் தயாரித்தார்கள். நான்கு கதவு வைத்தது நம் நாட்டில் மட்டும்தான். தோப்புக்காரர் அதன் கூரைமேல் தென்னை மட்டைகளை அடுக்கியிருந்தார். இதன் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். கவிழ்த்துப் பார்த்தால், இன்ஜின் மேல் அணில் கூடு. 948 சிசி இன்ஜின் இறுகிக் கிடந்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, டீசலும் ஆயிலும் கலந்து உள்ளே ஊற்றி ஊறவிட்டோம். டாப் கியரில் போட்டு வண்டியைத் தினமும் முன்னும் பின்னும் அசைத்தோம். ஒன்பதாம் நாள் 'களுக்' என்று விட்டுக்கொடுத்தது. தேய்ந்த பாகங்களை நானே கடைந்துகொண்டேன்.

தகரம்தான் ஏமாற்றியது. கதவுகளுக்குக் கீழே ஓடும் பட்டை மழமழவென்றிருந்தது. காசைக் கொடுத்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்து, காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துப் பார்த்தேன். கூரையில் ஒட்டியது, கதவில் ஒட்டியது, பட்டையில் வைத்ததும் நழுவி விழுந்தது. எந்தக் காலத்து டிங்கரோ, துருவை வெட்டி எடுக்காமல் விரல் கனத்துக்குப் பட்டி பூசியிருக்கிறார். சுரண்டினால் உள்ளே செய்தித்தாள். (உங்கள் நாளிதழா என்று படிக்க முடியவில்லை.) ஹெரால்டுக்குச் சேசிஸ் என்ற அடிச்சட்டம் தனி, பாடியைப் போல்ட் போட்டுப் பூட்டியிருப்பார்கள், அதனால் கழற்றி, வெட்டி, புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்ய முடிந்தது. வேலூர் வெயிலை எல்லோரும் திட்டுகிறோம். இதே வண்டி கடலோர உப்புக்காற்றில் நின்றிருந்தால் சேசிஸும் மிஞ்சியிருக்காது.

இதையெல்லாம்விடப் பெரிய பாடு ஆர்.சி. புத்தகம். பீரோவில் இருக்கிறது என்றார்கள், இல்லை. யார் பெயரில் வண்டியோ அவர் இறந்து பதினோரு ஆண்டுகள். வாரிசுகள் நால்வர், எனக்கு விற்றவர் அவர்களில் ஒருவர். மற்ற மூவரின் கையெழுத்துக்காக நான் அலைந்த பஸ் டிக்கெட் காசில் இரண்டு டயர் வாங்கியிருக்கலாம். தகர வேலை எட்டு மாதத்தில் முடிந்தது; தாள் வேலைக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்துவிட்டால் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் சாலையில் இறக்கலாம். தினமும் மார்க்கெட்டுக்குப் போய்வர முடியாது. சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது என்றும் விதி சொல்கிறது. வேறு காரின் இன்ஜினைப் பூட்டிவிடலாம் என்று ஆசைகாட்டும் மெக்கானிக்கிடம் அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம்.

வாங்கப் போகிறவர்கள் சேசிஸ் எண்ணை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வாரிசுகள் அத்தனை பேரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட பிறகு முன்பணம் கொடுங்கள். வீட்டில் அப்பா, தாத்தா பெயரிலேயே வண்டியை நிறுத்தி வைத்திருப்பவர்கள், விற்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், பெயர் மாற்றத்தை இப்போதே முடித்துவிடுங்கள்.

என் ஹெரால்டுக்குப் பின்கண்ணாடி ரப்பர் பீடிங் மட்டும் இன்னும் அகப்படவில்லை. வாசகர்கள் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.

ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி,
காட்பாடி