பெரிய பெட்டரி வாங்க முதல்

மச்சான்,

உன்ட கடிதம் கெடச்சிது. திருக்கோயில்லயும் கச்சான் காத்து கொல்லுதெண்டு எழுதியிருந்தாய், கல்லடியில மட்டும் என்ன, மத்தியானத்தில வெளிய தலை காட்டேலாது. மகள் ஏஎல் சோதனை எழுதப்போறா, அதால வீட்டில ரேடியோவுக்கு ஹெட்போன்தான். அம்மா சுகமா இரிக்காவு, உன்னத்தான் கேட்டுக்கொண்டே இருப்பா.

சரி உன்ட ஹாம் ரேடியோ செட், அதான் கேக்கவும் திருப்பிக் கதைக்கவும் ஏலுமான செட், அந்தக் கதைக்கு வாறன். கேக்கக்குள்ள ஒரு பிரச்சினையுமில்ல, மைக்க அமத்தி சத்தமா கதைச்சா ஓஃப் ஆகி ஓன் ஆகுது, அதுக்கு பெரிய பெட்டரி வாங்கப்போறன் எண்டு எழுதினாய். காச கையில வச்சுக்கொண்டு கொஞ்சம் பொறு மச்சான். 100 வாட் செட் சும்மா கேக்கிறதுக்கு 1, 2 அம்பியர்தான் இழுக்கும், அனுப்பக்குள்ள 20 அம்பியர் கிட்ட போகும், அப்ப வயர்லயே விழுந்து நட்டமாகிற வோல்ட்டும் பத்து மடங்குக்கு மேல கூடும், அதாலதான் கேக்கக்குள்ள ஒண்டும் தெரியல்ல.

நீ விறாந்தையில பெட்டரிய வச்சு அறைக்குள்ள வயர் இழுத்திருக்காய், 4 மீட்டர் வருமெண்டு வையன். போற வயர் 4, திரும்பி வாற வயரும் 4, கணக்குக்கு 8 மீட்டர், இந்த நெகட்டிவ் வயர எல்லாரும் மறந்திருவாங்க. வீட்டு வயரிங்குக்கு வாங்கிற 7/0.67 வயர், அதான் 0.67 மில்லிமீட்டர் கம்பி ஏழு சேர்ந்தது, 2.5 ஸ்குவெயார் மில்லிமீட்டர், ஒரு கிலோமீட்டருக்கு 7.41 ஓம். 8 மீட்டருக்கு 0.059 ஓம், 20 அம்பியர் போனா 1.2 வோல்ட் வழியிலேயே போயிட்டு. செட்டுக்கு 13.8 வோல்ட், 15 வீதம் கூடலாம் குறையலாம் எண்டுதான் அனேகமா புத்தகத்தில போட்டிருப்பாங்க, அதாவது 11.7க்கு கீழ போகப்படாது. அனுப்பக்குள்ள பெட்டரி 12.3 வோல்ட்ல நிண்டாலும் செட்டுக்கு வந்து சேர்றது 11.1தான், பிறகு அது நிக்காம என்ன செய்யும்?

இன்னும் தடிச்ச 7/1.04 வயர் போட்டா அந்த 1.2 வோல்ட் நட்டம் அரை வோல்ட்டா குறையும். ஆனா பெட்டரிய செட்டுக்கு ஒரு மீட்டர் கிட்ட கொண்டு வந்தா, அதே பழைய வயர்லயே 0.3தான் விழும். செலவே இல்ல. ஜன்னல் திறந்திருக்கோணும், சார்ஜ் பண்ணக்குள்ள லெட் அசிட் பெட்டரி கேஸ் விடும்.

இன்னொண்டு, நம்மட பக்கம் உப்புக்காத்து. போன மாசம் இஞ்ச ஒரு பெடியன்ட செட் பாக்கப்போன, வயர் நல்ல தடிப்பு, ஆனா பியூஸ் ஹோல்டர கழட்டிப் பாத்தா உள்ளுக்குள்ள பச்சைப் பச்சையா களிம்பு, கிரிம்ப் பண்ணின, அதான் வயர நசுக்கிப் பூட்டின இடத்தில செம்புக் கம்பியெல்லாம் கறுத்துப்போய் கையால இழுத்தா வருது. அதுல மட்டும் அரை வோல்ட்டுக்கு மேல போய்க்கொண்டிருந்திச்சு, தொட்டா சூடு. மலிவுக்கு விக்கிற தடிச்ச வயரையும் நம்பாத, சிலது அலுமினியத்துக்கு மேல செம்பு பூசினது, கத்தியால சுரண்டிப் பாத்தா உள்ள வெள்ளை தெரியும்.

அளக்கிறது லேசு. ஏரியலுக்குப் பதிலா டம்மி லோட், அதான் பவர வெளிய விடாம சூடாக்கிற பெட்டி, அதப் போட்டு, சீடபிள்யூவில, அதான் மோர்ஸ் அடிக்கிற மோட்ல, கீய ஒரு அஞ்சு செக்கன் அமத்திப் பிடி, கதைச்சு அளந்தா மீட்டர் ஆடிக்கொண்டே நிக்கும். வோல்ட் மீட்டர்ட ஒரு புரோப் பெட்டரிட ஈயக் குமிழில, கிளாம்ப்ல வைக்காத, மற்றது செட்டுக்குள்ள போற பிளக்ல, அதே பொசிட்டிவ்ல. வாறதுதான் அந்தப் பக்கத்து நட்டம். மறுகா நெகட்டிவ்லயும் அப்பிடியே பாரு, பிறகு பியூஸுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வச்சுப் பாரு. எங்க கூட விழுதோ அதைத்தான் மாத்தோணும். பியூஸ் மட்டும் கழட்டி நேரா குடுத்திராத, பெட்டரிக்கு கிட்டவே இரிக்கட்டும்.

லித்தியம் பெட்டரி எண்டா 13 வோல்ட் கிட்ட நிண்டுபிடிக்கும், நல்லதுதான், விலைய கேட்டா தலை சுத்துது. 78 சூறாவளி மாதிரி ஒண்டு வந்து நாள்க்கணக்கா கரண்ட் இல்லாட்டி எப்பிடியும் பெரிய பெட்டரி வேணும், அது உண்மை. வயர சரி பண்ணிப்போட்டு வாங்குவம்.

அளந்து நம்பர எழுதி அனுப்பு. வரக்குள்ள வயர வெட்டாம அம்பியர் அளக்கிற டிசி கிளாம்ப் மீட்டர் இருந்தா கொண்டு வா, என்ட பழுது.

உன்ட
கல்லடி மச்சான்