மாத்திரை பத்தி கேட்டியே

பாப்பா,

நேத்து நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். ரத்தத்துல எச்.ஐ.வி வைரஸோட அளவு, அதான் அந்த வைரல் லோடு, டெஸ்ட்ல டிடெக்ட் ஆகலையே, நடுவுல ஒரு வாரம் மாத்திரைய விட்டா என்னம்மான்னு கேட்டிருக்க. திட்டமாட்டேன்டி. ரூம்மேட் கண்ணுல படாம தினம் மாத்திரை முழுங்குறது எவ்ளோ இம்சைன்னு எனக்கு தெரியாதா.

எனக்கு எச்.ஐ.வி இருக்குன்னே பிரசவத்துக்கு போனப்பதான் தெரியும். உனக்கு ஆறு வாரம் ஆனதும் குதிகால்ல குத்தி, வட்டம் வட்டமா போட்ட ஒரு அட்டையில ரத்தத்த சொட்டு சொட்டா வச்சு காய வச்சாங்க, வட்டம் நிறையலன்னு நர்ஸக்கா திரும்ப உன் கால பிடிச்சப்ப நான் சுவத்த பாத்துட்டு நின்னேன். சாதா டெஸ்ட் ஆன்டிபாடியத்தான், அதாவது வைரஸ எதிர்க்க உடம்பு உண்டாக்குறதத்தான் தேடும், அது அந்த வயசுல பிரயோஜனம் இல்லையாம், அம்மாவோட ஆன்டிபாடி குழந்தை உடம்புல 18 மாசம் வரைக்கும்கூட இருக்கும், அதனால வைரஸையே நேரா தேடுற பிசிஆர்தான் எடுக்கணும். ரிசல்ட் வர்ற வரைக்கும் வீட்ல கேட்டா தடுப்பூசி போடப் போறேன்னு சொல்லிட்டு திரிஞ்சேன். ரிசல்ட் வாங்கவே வராத அம்மாங்களும் இருந்தாங்க. அவங்கள குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது, தெரியாத வரைக்கும் பிள்ளை நல்லாருக்குன்னு நெனச்சுக்கலாம்ல.

உனக்கு பாசிட்டிவ்னு வந்துச்சு. உடனே மருந்து ஆரம்பிச்சாங்க, அது நம்ம நல்ல நேரம்னுதான் சொல்லணும். கைக்குழந்தைக்கு தள்ளிப் போடாம ஆரம்பிச்சா சாவு முக்கால்வாசி குறையுதுன்னு தென்னாப்பிரிக்கால பண்ண ஆய்வு 2008லதான் வெளியாச்சு. மருந்தே இல்லாத குழந்தைங்கள்ல பாதி பேர் ரெண்டு வயசு தாண்டாதாம். சிரப்ப நீ துப்புவ, நான் திரும்ப ஊத்துவேன், பாதி என் புடவையிலதான் இருக்கும்.

2013ல ஒரு நியூஸ் வந்துச்சு. அமெரிக்கால மிசிசிப்பில ஒரு குழந்தைக்கு பொறந்து 30 மணி நேரத்துலயே மருந்து ஆரம்பிச்சு, ஒன்றரை வயசு வாக்குல அவங்க அம்மா ஆஸ்பத்திரிக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க, மருந்தும் நின்னுடுச்சு, அப்புறம் பாத்தா வைரஸே இல்லன்னு. எனக்கு தூக்கமே வரல, உனக்கும் அப்படி இருக்குமோன்னு ஒரு ஆசை. நல்லவேளை உன் மருந்த நான் நிறுத்தல. 2014ல அந்த குழந்தைக்கு வைரஸ் திரும்ப வந்துடுச்சு, மருந்தில்லாம ரெண்டு வருஷத்துக்கு மேல எங்கயோ செல்லுக்குள்ள பதுங்கி இருந்திருக்கு. அந்தம்மா ஏன் வராம போனாங்கன்னு மட்டும் நான் படிச்ச எதுலயும் இல்ல. எனக்கு அதுதான்டி முக்கியமா பட்டுச்சு.

டிடெக்ட் ஆகலன்னா மாத்திரை அத அமுக்கி வச்சிருக்குன்னு அர்த்தம், போயிடுச்சுன்னு இல்ல. விட்டு விட்டு போட்டா அந்த மருந்துக்கே அது பழகிடும், அப்புறம் வேற மருந்துக்கு மாறணும்.

பாட்டில் லேபிள கிழிச்சிடு. உள்ள கொஞ்சம் பஞ்சு வை, குலுங்குற சத்தம் வராது, நான் அப்படித்தான் வச்சிருந்தேன். ஈரம் உறிஞ்சுற அந்த சின்ன பொட்டலத்த மட்டும் தூக்கி போட்டுடாத. ராத்திரி தோது படலன்னா காலைல பல்லு தேய்க்குறப்ப போடுற மாதிரி மாத்திக்கலாமான்னு ஆஸ்பத்திரி கவுன்சிலர் மேடம்கிட்ட கேளு, ஏற்கனவே எத்தன நாள் விட்டன்னு அவங்ககிட்டயாவது மறைக்காம சொல்லிடு. என்கிட்ட அப்புறம் சொன்னா போதும்.

அம்மா