அந்த வீணைக்குப் பணம் கட்டவில்லை, நண்பா

தெம்பனிஸ்,
வியாழன் இரவு

அன்பு நண்பா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பேத்தி வீணையில் ஆரம்பப் பாடமான கீதங்களை முடித்து வர்ணத்துக்கு வந்துவிட்டாள் என்ற வரியில் சற்று நேரம் நின்றுவிட்டேன். பினாங்கு தண்ணீர்மலையில் தைப்பூசத்தன்று நாகஸ்வரக்காரர்களின் பின்னாலேயே நாம் இருவரும் நடந்து திரிந்தது நினைவுக்கு வந்தது. நமக்கு வாய்க்காத படிப்பு அவளுக்கு வாய்த்திருக்கிறது. இங்கே எல்லோரும் நலம். மழை நாளில் என் முழங்கால்தான் படுத்துகிறது. மூத்தவன் பொங்கோலுக்குக் குடிபோய்விட்டான். ஞாயிறுதோறும் வந்து போகிறான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இணைய ஏலத்தில் நீ பார்த்த ஏகாண்ட வீணைக்கு 2,400 சிங்கப்பூர் வெள்ளியை நானே, கைபேசி எண்ணுக்கு வங்கிப் பணம் அனுப்பும் பேநவ் வழியாகக் கட்டிவிட வேண்டும், விற்பவர் சிங்கப்பூரில்தான் இருக்கிறார் என்று எழுதியிருந்தாய். நான் கட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமையோடு ஏலம் முடிகிறது என்று நீ தவித்துக்கொண்டிருப்பாய். கோபம் வந்தால் கடிதம் முழுவதையும் படித்துவிட்டுக் கோபப்படு.

சென்ற ஆண்டு நடந்த ஒன்றை உன்னிடம் மறைத்துவிட்டேன். வெட்கம்தான் காரணம். தங்கை மகளுக்காகப் பழைய வயலின் ஒன்றுக்கு ஏலம் கேட்டேன். 1,500 வெள்ளி வரை கேட்டு நிறுத்திக்கொண்டேன். வேறு யாருக்கோ போயிற்று. இரண்டு நாள் கழித்து விற்றவரிடமிருந்து ஒரு செய்தி. ஏலத்தில் எடுத்தவர் பின்வாங்கிவிட்டாராம், நான் கேட்ட விலைக்கே தருகிறாராம், ஏலத் தளத்துக்கு வெளியே முடித்துக்கொண்டால் இருவருக்கும் கட்டணம் மிச்சமாம். கைநழுவிப் போனது திரும்பி வந்த மகிழ்ச்சியில் 600 வெள்ளி முன்பணம் அனுப்பினேன். பேநவ்வில் எண்ணைத் தட்டியதும் திரையில் வந்த பெயர் அவர் சொன்ன பெயராக இல்லை. கேட்டதற்கு மனைவியின் கணக்கு என்றார். அதையும் நம்பினேன். அதன்பின் அவரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. போலீசில் புகார் கொடுத்தபோது பணம் அந்தக் கணக்கிலிருந்தே போய்விட்டிருந்தது. ஏலத்தில் என்னை முந்தியதும் அவருடைய இன்னொரு ஏலக் கணக்காகத்தான் இருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

பணம் போன பிறகுதான் படங்களைப் பொறுமையாகப் பார்த்தேன். சிங்கப்பூர் ஈசூனில் வீவக எனும் அரசு அடுக்குமாடி வீட்டில் இருப்பதாகச் சொன்ன மனிதர் அவர். வயலின் சாய்த்து வைக்கப்பட்டிருந்த சுவரின் கீழே மின்செருகித் துளை வட்டமாக இரண்டு இருந்தன. சிங்கப்பூர் வீடுகளில் மூன்று நீளத் துளைகள் அல்லவா இருக்கும்? ஜன்னலுக்கு அடியில் குளிர்நாட்டு வீடுகளில் வைக்கும் இரும்புச் சூடேற்றி தெரிந்தது. ஒரு வாரமாக அந்தப் படங்களை இரவும் பகலும் பார்த்தவன் நான். வயலினை மட்டுமே பார்த்திருக்கிறேன், சுவரைப் பார்க்கவே இல்லை. படத்தைக் கொடுத்துத் தேடும் வசதியில் போட்டுப் பார்த்தேன். அதே ஆறு படங்கள் ஐரோப்பிய ஏல நிறுவனம் ஒன்றின் பழைய பட்டியலில் கிடந்தன.

அன்றிலிருந்து இதே கவலையாகிவிட்டது எனக்கு. தங்கை மகளுடன் வயலின் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் வாங்குவதற்கு முன் படங்களை எனக்கு அனுப்புகிறார்கள். பார்க்கப் பார்க்க ஒன்று தெளிவாயிற்று. ஏமாற்றுபவனிடம் இருப்பது படங்கள்தான், வாத்தியம் இல்லை. வாத்தியத்தைக் கையில் வைத்திருப்பவரால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டால் அவன் தடுமாறிப்போகிறான்.

விற்பவரின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரங்களை எண்ணிப் பயனில்லை. எதை விற்றுப் பெற்ற நட்சத்திரங்கள் என்று பார்க்க வேண்டும். நான்கு ஆண்டுகளாகக் குழந்தை உடுப்பும் கைபேசி உறையும் விற்றுவந்த கணக்கில் திடீரென்று ஒரே வாரத்தில் மூன்று வயலினும் ஒரு செல்லோவும் ஏலத்துக்கு வந்தால், அந்தக் கணக்கே திருடப்பட்டிருக்கலாம். இதை நான் இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

வயலினில் இன்னொரு வலை, உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டு. அன்டோனியஸ் ஸ்ட்ராடிவாரியஸ் என்று லத்தீனில் அச்சிட்டிருக்கும். அந்த இத்தாலியக் கைவினைஞர் 1737இல் இறந்துவிட்டார். அவர் செய்தவற்றில் இன்று சுமார் 650 வாத்தியங்கள் எஞ்சியிருக்கின்றன, பெரும்பாலும் எது யாரிடம் இருக்கிறது என்பது வரை தெரியும். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் ஜெர்மனி, பொஹீமியா, பிரான்ஸ் பட்டறைகளில் ஆயிரக்கணக்கில் செய்த வயலின்களுக்குள் அதே பெயரை ஒட்டினார்கள். இன்ன அச்சில் செய்தது என்பதற்கான அடையாளம் அது. அந்தக் காலத்தில் வாங்கியவர்களுக்கும் தெரியும். சீட்டில் ஜெர்மனி என்று நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது, ஏனென்றால் அமெரிக்கா அப்போதுதான் இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது. கெட்டிக்கார விற்பனையாளர் இதில் பொய்யே சொல்ல மாட்டார். "தாத்தாவின் பரணில் இருந்தது, எனக்கு வாத்தியம் பற்றி ஒன்றும் தெரியாது, சீட்டின் படத்தைப் பாருங்கள்" என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். மீதியை நம் ஆசை எழுதிக்கொள்கிறது. எனக்கு மிகவும் கோபமூட்டுவது இந்த வகைதான்.

இப்போது உன் வீணை. 150 ஆண்டுப் பழமை, தஞ்சாவூர் அரண்மனை வழி வந்தது, சென்னையிலிருந்து விமானத்தில் வரும் என்று எழுதியிருக்கிறார்கள். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டைத் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யவே முடியாது. ஆகவே பழமை பொய்யாக இருக்க வேண்டும், அல்லது அனுப்புவது குற்றமாக இருக்க வேண்டும். இரண்டில் எதற்கும் நம் பணம் போகக் கூடாது. தந்த வேலைப்பாடு வேறு இருக்கிறதாம். தந்தம் என்றால் அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டாது. பினாங்கு சுங்கத்தில் பேத்தியின் வீணையைப் பிடித்து வைத்தால் என்ன செய்வாய்?

அடுத்தது ஏகாண்டம் என்ற சொல். உருண்டையான குடம், நீண்ட கழுத்தான தண்டி, நுனியில் இருக்கும் யாளி முகம் எல்லாம் ஒரே பலாமரத்தில் குடைந்தெடுத்தால்தான் ஏகாண்டம். தனித்தனியாகச் செய்து பொருத்தினால் ஒட்டு வீணை. குடத்தில் ஓடும் மரத்தின் ரேகை அறுபடாமல் தண்டிக்குள் போகிறதா என்பதை அடிப்பக்கத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். நீ அனுப்பிய எட்டுப் படங்களில் அடிப்பக்கம் ஒன்றில்கூட இல்லை. யாளியின் முகம் மட்டும் நான்கு படங்களில் இருக்கிறது. ஒரு படத்தில் தண்டியின் மேல் வரிசையாகப் பதித்திருக்கும் மெட்டுகளை எண்ணினேன். இருபத்துநான்கு இருக்க வேண்டிய இடத்தில் இருபத்திரண்டுதான் இருந்தன; மற்றொரு படத்தில் சரியாக இருபத்துநான்கு. அவை இரண்டு வெவ்வேறு வீணைகள், நண்பா.

விலை மலிவாக இருப்பதால்தான் விடக் கூடாது என்கிறாய். உண்மையான வாத்தியமே மலிவாக வந்தாலும் அதில் வேறொரு ஆபத்து இருக்கிறது. 2010இல் லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்துக்கு அருகே வயலின் கலைஞர் மின்-ஜின் கிம்மின் 1696ஆம் ஆண்டு ஸ்ட்ராடிவாரியஸ் திருட்டுப் போயிற்று. 12 லட்சம் பவுண்டு மதிப்பு. திருடியவர்கள் அதை 100 பவுண்டுக்கு விற்கப் பார்த்தார்கள். 2013இல்தான் போலீசார் மீட்டார்கள். சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் 2017இல் மூடும் வரை நாம் பார்த்ததுதானே, பொருளின் கதையைக் கேட்டால் விற்பவரின் முகம் மாறும். இணையத்தில் முகம் தெரிவதில்லை. அதனால் யாரிடமிருந்து, எப்போது, என்ன ரசீதோடு வாங்கினீர்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

இணைய ஏலமே மோசம் என்று நான் நினைப்பதாக எண்ணிவிடாதே. 2011இல் லேடி பிளண்ட் என்ற ஸ்ட்ராடிவாரியஸ் இணைய ஏலத்தில்தான் 159 லட்சம் அமெரிக்க டாலருக்குப் போயிற்று. அந்தத் தொகை ஜப்பான் நிலநடுக்க நிவாரணத்துக்குச் சென்றது. அதற்கு யார் யார் உரிமையாளர் என்ற வரலாறு ஏட்டில் இருந்தது.

நேற்று அந்த விற்பனையாளருக்கு வாங்குபவனைப் போல நானே எழுதினேன். நேரில் வந்து பார்க்கிறேன், தேக்காவிலோ அவர் வீட்டுப் புளோக்கின் கீழேயோ சந்திக்கலாம் என்றேன். வீணை சென்னைக் கிடங்கில் இருக்கிறது என்றார். சரி, கிடங்கில் இருப்பவர் அன்றைய செய்தித்தாளை அடிப்பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுக்கட்டும், நான்கு தந்திகளையும் மூன்று தாளத் தந்திகளையும் மீட்டி அரை நிமிடக் காணொளி அனுப்பட்டும், மெழுகில் மெட்டுகளைப் பதித்துச் சுருதி சேர்த்தது எப்போது என்றும் சொல்லட்டும் என்று எழுதினேன். பதிலுக்கு வந்தது இவ்வளவுதான்: துபாயிலிருந்து ஒருவர் கேட்கிறார், இன்றிரவுக்குள் பாதிப் பணம் வந்தால் உங்களுக்கு. கூடவே ஒரு பேநவ் எண். அது வேறொரு பெயரில் இருந்தது.

அந்த உரையாடலைப் படம் பிடித்துத் தளத்துக்கு அனுப்பிவிட்டேன். 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணையும் அழைத்துச் சொன்னேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். 2024இல் மட்டும் சிங்கப்பூர் மக்கள் மோசடிகளில் இழந்தது குறைந்தது 110 கோடி வெள்ளி. அதில் வாத்தியம் வாங்கப் போனவர்கள் எத்தனை பேரோ. உன் மகன் அந்த ஆளுக்கு ஏதாவது முன்பணம் அனுப்பியிருந்தால் இந்தக் கடிதத்தை மடிக்கும் முன் வங்கியை அழைக்கச் சொல்.

பேத்திக்கு வீணை வேண்டாம் என்று நான் சொல்வேனா? சிராங்கூன் சாலைப் பக்கம் வீணை சொல்லிக்கொடுக்கும் அம்மையார் ஒருவர் ஆண்டு இறுதியில் சென்னைக்கே திரும்பிப் போகிறார். அவரிடம் ஓர் ஒட்டு வீணை இருக்கிறது. இருபது ஆண்டுகளாக வாசித்தது. விலையை இன்னும் முடிவு செய்யவில்லை, ஆனால் படிக்கிற பிள்ளைக்கு என்றால் குறைத்துத் தருவார். நேற்று மாலை போய்ப் பார்த்தேன். குடத்தில் ஒரு சிறு கீறல். அதை அவரே முதலில் காட்டினார்.

பள்ளி விடுமுறையில் பேத்தியை அழைத்துக்கொண்டு வா. அவள் மடியில் வைத்து மீட்டிப் பார்க்கட்டும். பெரியவன் அறை காலியாகத்தான் இருக்கிறது.

உன்,
தண்ணீர்மலைத் தோழன்