செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, கால்வாய் தூர்வாருதல் போன்ற வழக்கமான மனுக்களை இந்த ஆண்டும் கொடுத்தோம். விவரம் பதிவேட்டில் இருக்கிறது. நம் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது, குற்றத்தால் பாதிக்கப்பட்டு வருபவரை எப்படி நடத்துவது என்று காவலர்கள், செவிலியர்கள், பள்ளி ஆசிரியர்களுக்கு நடத்திய பயிற்சிதான்.

இது ஏன் தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். கணவன் அடித்து உதடு கிழிந்த ஒரு பெண்ணோடு நான் ஒரு காவல் நிலையத்துக்குப் போயிருந்தேன். வாசல் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பாராவில் நின்றவர் கேட்டார், சொன்னார். புகாரை எழுதும் ரைட்டர் கேட்டார், சொன்னார். அப்புறம் எஸ்.ஐ. வந்து, "முதல்ல இருந்து சொல்லும்மா, சத்தமா" என்றார். வேறு வேலையாக வந்த இரண்டு பையன்கள் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "ஒண்ணுமில்ல சார், வழுக்கி விழுந்துட்டேன்" என்று எழுந்துவிட்டார். யாரும் அவரைத் திட்டவில்லை, விரட்டவில்லை. ஆனாலும் அந்தப் புகார் எழுதப்படவே இல்லை.

ஞாயிறு காலையில் காசிமேட்டில் மீன் வியாபாரம் மும்முரமாக இருக்கும். அதனால் பயிற்சியைப் பிற்பகலில் வைத்தோம். முதல் வேலையாக, வந்திருந்த ஒரு தலைமைக் காவலரை எல்லோருக்கும் முன்னால் பெஞ்சில் உட்காரவைத்தோம். உங்கள் வாழ்க்கையில் மிகவும் அவமானப்பட்ட நாளை நினைத்துக்கொள்ளுங்கள், இப்போது சொல்லப் போகிறீர்கள் என்றோம். வாய் திறக்கும் முன்பே, "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். அதற்குப் பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

சட்டப் பகுதியை நம் வழக்கறிஞர் உறுப்பினர் நடத்தினார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எந்தக் காவல் நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும், முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். வழக்குப் பதியாமல், புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கொடுத்து அனுப்பிவிடும் பழக்கம் பற்றித்தான் வாக்குவாதம் நீண்டது. ஆள் பற்றாக்குறை என்று காவலர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. அதற்காகப் பாதிக்கப்பட்டவர் அலைய வேண்டுமா என்று நானும் கேட்டேன். இன்றும் கேட்கிறேன்.

குழந்தைகள் விஷயத்தில், அவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. வாக்குமூலம் வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. ஆசிரியர்களுக்கு நாங்கள் அழுத்திச் சொன்னது ஒன்றுதான்: பிள்ளை உங்களிடம் சொன்னால் உடனே தகவல் கொடுங்கள். உறுதி செய்துகொள்கிறோம் என்று ஆளுக்கு ஒரு முறை குடைந்து கேட்காதீர்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ ஓய்வறைச் சுவரில் எழுதி வைக்கச் சொன்னோம்.

செவிலியர்களுக்கு, பாலியல் வன்முறையிலும் அமில வீச்சிலும் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தனியார் மருத்துவமனையும் இலவச சிகிச்சை தர வேண்டும் என்பதையும், பாதிக்கப்பட்ட பெண்ணின் உறுப்பில் விரல் நுழைத்துப் பார்க்கும் இருவிரல் பரிசோதனை கூடவே கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் மறுபடி சொன்னதையும் எடுத்துச் சொன்னோம்.

நம் மக்களில் பலருக்குத் தெரியாத ஒன்றையும் இங்கே பதிவு செய்கிறேன். குற்றவாளி பிடிபடாவிட்டாலும், பாதிக்கப்பட்டவர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்கலாம். மனு எழுத நம் அலுவலகத்திலேயே உதவி கிடைக்கும்.

அடுத்த பயிற்சி ரைட்டர்களுக்கு மட்டும் என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. உடன் நின்று உதவ விரும்பும் பெண் உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்