பெரிய கருவிக்கு முன் ஓர் உலர் பெட்டி: இராமநாதபுரம் கடலோரக் கல்லூரிகளின் கொள்முதல் குழுவினருக்கு

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். தொண்டி முதல் தங்கச்சிமடம் வரை கடற்காற்று படும் ஆய்வகங்களுக்கு எதிரொளிப்பு நிறமாலைமானி (ஒரு பரப்பு எந்த நிற ஒளியை எவ்வளவு திருப்பியனுப்புகிறது என்று அளக்கும் கருவி) வாங்கக் கோப்பு நகரும்போது, கருவியின் விலையில் ஒரு பங்கைக் குறைத்து, மூடிய உலர் பெட்டிக்கும் மாதிரியை (அளக்கவேண்டிய படலம் பூசிய கண்ணாடியை) நகர்த்தும் மேடைக்கும் ஒதுக்குங்கள். எங்கள் வேண்டுகோள் இவ்வளவுதான்.

கண்ணாடிமேல் ஒரு நானோமீட்டர் தடிமனுள்ள சாயப் படலம், எதிரொளிப்பைச் சில சதவீதமே மாற்றும். உறிஞ்சல் குறைந்த மூலக்கூறு என்றால் ஒரு சதவீதம்கூட வராது. ஆகவே, அளக்க ஒளி தரும் ஹாலஜன் விளக்கின் ஒளி அரை சதவீதம் நகர்ந்தாலே அளவீடு கெட்டுவிடும். அரை மணி நேரம் விளக்கை எரியவிட்ட பிறகுதான் தொடங்க வேண்டும். கண்ணாடியின் பாதியை நாடாவால் மறைத்துவிட்டு மறுபாதியில் மட்டும் படலம் பூசுங்கள். வெற்றுப் பகுதி, படலம், மீண்டும் வெற்றுப் பகுதி என்ற வரிசையில் அளந்தால், இரண்டு வெற்று அளவுகளுக்கும் உள்ள வித்தியாசமே விளக்கின் நகர்வைக் காட்டிக்கொடுக்கும். மேடை கேட்பது இதற்காகத்தான். கண்ணாடியின் பின்முகமும் 4 சதவீத ஒளியைத் திருப்பியனுப்பும். அதை உப்புத்தாளால் தேய்த்து, மங்கலான கறுப்பு பூச வேண்டும். தாமிர தாலோசயனின் என்ற நீலச் சாயத்தின் படலத்தில் 620, 690 நானோமீட்டர் அலைநீளங்களை ஒட்டி, எதிரொளிப்பு வரைகோட்டில் மேல்நோக்கிய முகடுகள் வந்தால் மாணவர்கள் திகைக்க வேண்டாம். ஒளிபுகும் தளத்தில், படலம் ஒளியை உறிஞ்சும் அலைநீளத்தில் எதிரொளிப்பு கூடத்தான் செய்யும்.

இங்கே உண்மையான எதிரி உப்பு. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலுள்ள சோடியம் குளோரைடு தானே நீரை இழுத்து நுண்துளியாகிறது. அது படலத்தில் படிந்து ஒளியைச் சிதறடிக்க, நிறமாலை வரைகோட்டின் அடிக்கோடே சாய்ந்துவிடுகிறது. அதைப் புதிய உறிஞ்சல் என்று எழுதிவிடும் ஆபத்து பெரிது. ஏ.சி. அறையில் குளிர்ந்த கண்ணாடியை வெளியே கொண்டுவந்தால் பனி பூக்கும். லென்ஸைக் காய்ந்த துணியால் துடைத்தால் உப்புப் பொடி கீறிவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலிலோ உப்பு கரைவதில்லை. ஆகவே முதலில் காற்றால் ஊதி, வாலைவடிநீரால் கழுவி, கடைசியில்தான் ஆல்கஹால்.

விலைப்புள்ளி கேட்கும்போது இவற்றையும் சேருங்கள்: ரப்பர் வளையத்தின் வழியே ஒளியிழை நுழையும் அக்ரிலிக் பெட்டி, ஈரப்பதமானி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், அதை 120 டிகிரியில் உலர்த்தச் சிறு அடுப்பு. பெட்டிக்குள் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே வராமல் எந்த அளவீட்டையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
மென்படல ஆய்வில் ஈடுபட்டுள்ளோர்