எங்க அவரு?

டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. சரி, உன்னிடம் மட்டுமே சொல்லக்கூடிய ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் டிமென்ஷியா வார்டில், அதாவது மறதி நோய் வார்டில், ஓர் ஆயா இருக்கிறார். இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள், ஜூலு பெண்கள் கோகோ என்பார்கள். இங்கே இந்தியத் தொழிலாளர் குடியிருப்பாக இருந்த மேகசீன் பாரக்ஸில் பிறந்து, அறுபதுகளில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்ட குடும்பம். இந்த நோயில் பலருக்குப் பின்னால் கற்ற மொழி முதலில் போய்விடும் இல்லையா, இவருக்கும் இங்கிலீஷ் போய் சின்ன வயதுத் தமிழ்தான் மிச்சம். அதனால் என்னிடமே விட்டுவிடுவார்கள்.

ஒருநாள் நைட் டூட்டியில் பார்த்தால், பக்கத்து அறைத் தாத்தா ஆயாவின் கட்டிலில் படுத்திருக்கிறார். நைட்டி பொத்தான் திறந்திருந்தது, அவர் கை ஆயாவின் மார்பில். நான் லைட்டைப் போட்டுக் கத்தினேன் செல்வி. எண்பது வயதுக்காரரைப் பார்த்து "வெக்கமா இல்ல?" என்று கேட்டேன், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவர் அறையில் விட்டேன். விடியும்வரை ஆயா "எங்க அவரு? எங்க அவரு?" என்று அழுதுகொண்டே இருந்தார்.

அந்த "அவரு"தான் என்னைப் படுத்துகிறது. புருஷன் பெயரைச் சொல்லாத தலைமுறை. செத்துப்போன கணவரைத் தேடினாரா, இந்தத் தாத்தாவையா? கணவர் என்று நினைத்து இடம் கொடுத்திருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதா? ஆனால் நான் அதையெல்லாம் யோசித்துக் கத்தவில்லை. ஆயா பயந்தாரா, தள்ளினாரா, முகம் எப்படி இருந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. எனக்குக் கூசியது, கத்திவிட்டேன். கதீட்டர் போட, படுக்கைப்புண் துடைக்க எல்லாம் கற்றுக்கொண்டோம், இதைப் பற்றி நமக்கு ஒரு வகுப்பாவது நடந்ததா?

இன்னொன்றும் உண்டு. போன வருஷம் குளிப்பாட்டும்போது வேறொரு நோயாளி என் மார்பைப் பிடித்துத் திருகினார். மூளையின் முன்பகுதி கெட்டால் கட்டுப்பாடு போய்விடும் என்று தெரியும், அவர்மேல் கோபமே இல்லை. மேலதிகாரிகளிடம் போய்ச் சொன்னால் "நோய்தானே, விடுங்க சிஸ்டர்" என்றார்கள், அதற்குத்தான் இன்னும் ஆறவில்லை. எல்லாவற்றையும் அசிங்கம் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதால், தாத்தாவிடம் கத்துகிறோம், நமக்கு நடந்ததை முழுங்கிவிடுகிறோம்.

நியூயார்க் ரிவர்டேலில் ஹீப்ரு ஹோம் என்ற இல்லம் 1995இலேயே முதியவர்களின் பாலுறவு விஷயத்துக்கு விதிமுறை எழுதிவைத்தது. அப்புறம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர், அல்சைமர் வந்த கணவருக்காகப் பதவியை விட்டவர். அந்தக் கணவர் இல்லத்தில் இன்னொரு பெண்ணிடம் காதலானார். அப்பா நிம்மதியாக இருப்பதில் அம்மாவுக்கு சந்தோஷம்தான் என்று 2007இல் மகனே டிவியில் சொன்னார்.

அந்த ராத்திரி நடந்ததையும் இந்தக் கதையையும் ஆயாவின் மகளிடம் சொன்னேன். "எங்கம்மா அப்படிப்பட்டவங்க இல்ல" என்று அழுதார். நான் வாதாடவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு வாரம் கழித்து, ராத்திரி அவரவர் அறை, பகலில் வராந்தாவில் ஒன்றாக உட்காரட்டும் என்று மகளே சொன்னார். நேற்று தாத்தா நாற்காலியில் தூங்கிவிட்டார், ஆயா என்னைக் கூப்பிட்டு "அவரு சாப்டாரா?" என்று கேட்டார்.

உனக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா? எழுது. போன் வேண்டாம், போனில் நாம் பேச்சை மாற்றிவிடுவோம்.

உன் பழைய அறைத்தோழி